ஒரே ஊசியில் இரண்டு சீட்டுகள்

எங்கள் அப்பாவின் பெயரில் ஒரு வண்டு இருக்கிறது. அவர் பெயருக்குக் கடைசியில் ஒரு லத்தீன் வாலை ஒட்டி, அறிவியல் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெயரானவர்கள் நிறையப் பேர் உண்டு. சாலையின் பெயரை அடுத்து வருகிறவன் மாற்றிவிடுவான், வண்டின் பெயர் அப்படியே நிற்கும் என்று அப்பாவே ஒருமுறை சொன்னார். அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வண்டு எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. வெளிர்மஞ்சள் நிறம். முதுகில் நெடுக வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், பென்சில் முனையால் குத்தியது போல. தண்ணீரில் வாழும் மற்ற வண்டுகள் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக வீசித் துடுப்புப் போடும். இதற்கு அது தெரியாது. காலை மாற்றி மாற்றி வைத்து, தரையில் போவது போலவே தண்ணீருக்குள்ளும் போகும். வயிற்றின் அடியில் அகலமான இரண்டு தகடுகள் உண்டு. அவற்றுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு பாசிக்குள் இறங்கும். காற்று தீர்ந்ததும் மேலே வந்து பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளும். இதில் இன்னும் பல வகைகள் பல இடங்களில் உண்டு. அப்பாவின் பெயர் கொண்ட வகையில் மட்டும் சென்ற மாதம் வரை பிடிபட்டது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று அருங்காட்சியகத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. சின்ன அட்டைத் துண்டில் வண்டை ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தியிருக்கிறார்கள். அதே ஊசியில் கீழே ஒரு சீட்டு. அதில் மூன்று வரிகள்: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். அந்தச் சீட்டை எழுதியவன் நான். அப்போது எனக்கு வயது பதினான்கு. வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையதுதான். பிற்பாடு நகரத்து நீர் வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் குழாய் வரைபடம் வரைந்ததும் அந்தக் கையெழுத்தின் பலத்தில்தான்.

சென்ற மாதம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பூச்சி ஆய்வாளர். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், முழங்கால் வரை சேற்றுக் கறை ஏறிய கால்சட்டை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாம் நேர் முதுகு வைத்த மர நாற்காலிகள். சாய்வு நாற்காலி கிடையாது. அப்பா எதிலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் எழுபத்தாறு வயதில் அந்தப் பழக்கம் வரவில்லை.

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். அங்கே இரண்டு சட்டங்கள். ஒன்றில், வண்டுக்குப் பெயர் வைத்த நிபுணர் அப்பாவுக்கு எழுதிய கடிதம். மற்றதில், பதிவேட்டின் ஒரு பக்கம்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் அப்பா முப்பத்தொரு வருஷம் மணல் படுகைக் காவலர். ஓடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் திறந்த படுகைகளில் நின்று, மணலுக்குள் மெதுவாக இறங்கி, சுத்தமாகி ஊருக்குப் போகும். நான்கு படுகைகள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொன்றிலும் மேல்தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பார்ப்பார். பதிவேட்டில் 'உயிரினம்' என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு வெளியே போகும் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வேலையாட்கள் முன்னால் குடித்துக் காட்டுவார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' தவிர வேறு வார்த்தை கிடையாது. பதிவேடுகளை நிலையத்தின் அலுவலகத்தில் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"ஐயா, உங்க அப்பாவோட குறிப்பேடு ஏதாவது இருக்குமா?" என்று ஆய்வாளர் கேட்டார். "பிடிச்ச இடத்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் விவரம் வேணும்."

"சீட்டிலேயே விவரம் இருக்கு. மேல் ஓடை, மூணாவது கல் பாலம்."

"அங்கதான் மூணு வருஷமா தேடறேன். பாலத்துக்கு மேல ரெண்டு மைல், கீழ ரெண்டு மைல். ஒண்ணுகூட கிடைக்கல."

"நல்லா தேடணும்."

"ஐயா, அந்த ஓடைல இருக்கற தவளைக்கெல்லாம் என்னைத் தெரியும். வழிவிட்டு ஒதுங்கிக்குது."

சமையலறைக்குள் என் தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆய்வாளரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இந்த மாசக் கடைசில பட்டியல் போகுது" என்றார். "அறுபத்திரண்டு வருஷமா யாரும் பார்க்காதது. அழிஞ்சுபோச்சுன்னு எழுதிடுவாங்க. எனக்கு ஒரு சந்தேகம், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த ஓடை வேகமா ஓடற தண்ணி. இந்த ஜாதி வண்டுக்கு அசையாம நிக்கற சுத்தமான தண்ணி வேணும், நிறைய பாசி வேணும். சீட்டுல இடம் ஏதும் மாறிப் போயிருக்குமோன்னு…"

"மாறலை."

"எழுதினவங்க அவசரத்துல—"

"எழுதினவன் நான். எனக்கு அவசரமே வந்தது கிடையாது."

அவர் எழுந்து கைகூப்பினார். போகும்போது தன் போன் நம்பர் எழுதிய தாளை மேசைமேல் வைத்தார். காபி முழுவதையும் குடித்திருந்தார். டம்ளரைத் தானே கொண்டுபோய் வைத்தார். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவருக்கு நான் சொன்னது பொய்.

தங்கை வெளியே வந்தாள். அவளுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கணவர் இறந்த பிறகு என்னோடு இருக்கிறாள். நோயாளிகளிடம் பேசிப் பேசி, யாரிடமும் சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"ஊசி போடறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க முகம் எப்படி இருக்கும் தெரியுமா? இப்ப உன் முகம் அப்படி இருக்கு" என்றாள்.

"உனக்கு அடுப்புல வேலை இல்லையா?"

"பாவம் அந்தப் பொண்ணு. மூணு வருஷமா முழங்கால் தண்ணில நிக்குது. அது ஓடைல பொறக்கவே இல்லைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்."

"இருக்கட்டும். அப்ப அப்பா பேரு செத்துப்போன பட்டியல்ல இருக்கட்டும். அதையும் சட்டம் போட்டு மாட்டிடலாம். ஆணி அடிக்க இடம் இருக்கு."

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஊரில் வயிற்றுப்போக்கு பரவியது. இரண்டு தெருக்களில் வீட்டுக்கு வீடு படுக்கை. குடிநீர் நிலையத்தின் வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. அப்பா வெளியே வந்து, கூட்டத்தின் நடுவில் நின்று, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். "என் படுகையில் ஒரு உயிரும் கிடையாது" என்று சொன்னார். கூட்டம் கலைந்தது. பிறகு அந்தத் தெருக்களில் ஒரு கிணறுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

கூட்டம் கலைந்து பதினோராம் நாள், பள்ளி விடுமுறை. நானும் தங்கையும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். மூன்றாம் படுகையின் தென்சுவரில் தங்கை குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

"அப்பா, இங்க ஒண்ணு நீந்தாம நடக்குது" என்றாள்.

அப்பாவுக்குப் பூச்சி சேர்ப்பது பொழுதுபோக்கு. ஓய்வு நாட்களில் வலையும் பாட்டிலுமாகக் குளம் குளமாக அலைவார். குனிந்து பார்த்தார். கையாலேயே அள்ளினார். அன்று மாலை புத்தகத்தையும் லென்ஸையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தில் இருந்த எதோடும் அது பொருந்தவில்லை. அதைத் தூர எறிய அவருக்கு மனம் வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் எறிந்திருப்பார்கள்.

என்னைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். "மூணாம் மணல் படுகை" என்று எழுத நான் பேனாவை எடுத்தேன்.

"மேல் ஓடைன்னு எழுது. மூணாவது கல் பாலம்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"ஓடைத் தண்ணிதானே குழாய்ல இங்க வருது" என்றார் அப்பா. "எழுது."

எழுதினேன். அப்பா வண்டைச் சீட்டோடு அருங்காட்சியகத்து நிபுணருக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. புது வகை, உங்கள் பெயரையே வைத்திருக்கிறேன் என்று. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். வலையைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு பூச்சியும் பிடிக்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவைக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை.

ஆய்வாளர் வந்துபோன மறுவாரம் தங்கை இன்னொரு சேதி கொண்டுவந்தாள். குடிநீருக்குப் புது நிலையம் கட்டி முடித்துவிட்டார்கள். பழைய மணல் படுகைகளை வற்றடித்து, ஜல்லி கொட்டி மூடுகிறார்கள். "மூணு மூடியாச்சாம். ஒண்ணு பாக்கியாம். மீட்டர் பார்க்க வந்தவர் சொன்னார்" என்றாள்.

"எந்தப் படுகை பாக்கி?"

"அதை நீதான் போய்ப் பாரேன். குழாய் வரைஞ்சவன் நீ."

நான் அன்று இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். காலையில் போய்ப் பார்ப்பது. அங்கே வண்டு இல்லை என்றால், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அறுபத்திரண்டு வருஷத்தில் அது எப்படியும் போயிருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், போயிருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு ஜல்லி லாரிகள் நின்றன. ஒன்று, இரண்டு, நான்கு படுகைகள் மேடாகிவிட்டன. மூன்றாவது மட்டும் திறந்திருந்தது. தண்ணீர் உள்ளே வரும் குழாயை மூடி மூன்று வாரமாகியும், வெளியேற்றும் வால்வு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு ஃபிட்டர் வால்வுக் குழிக்குள் இறங்கி, எண்ணெய் ஊற்றி, நீளமான ஸ்பேனரால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். மேலெல்லாம் கிரீஸ்.

நான் தென்சுவருக்குப் போனேன். நின்று பார்த்தால் பாசி மட்டும் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். போதவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, கைக்குட்டையை விரித்து, அதன்மேல் மார்பை வைத்துக் குப்புறப் படுத்தேன்.

"ஐயா! விழுந்துட்டீங்களா?" என்று ஃபிட்டர் கத்தினான்.

"விழலை. படுத்திருக்கேன்."

"நல்ல இடம் பார்த்தீங்க போங்க" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி ஸ்பேனரைப் பிடித்தான்.

கால்மணி நேரம் இருக்கும். கொசுப் புழுக்கள் இருந்தன. துடுப்புப் போடும் பெரிய வண்டு ஒன்று வந்து போனது. பாசி இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. நல்லது, இல்லை, எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினேன். அப்போது ஒரு பாசி இழையிலிருந்து எள் ஒன்று கழன்றது. கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மேலே வந்தது. பின்பக்கத்தை வெளியே நீட்டி, ஒரு கணம் அப்படியே தொங்கியது. வெளிர்மஞ்சள். கறுப்புப் புள்ளிகள். பக்கத்தில் இன்னொன்று. சுவரோரமாக மூன்றாவதாக ஒன்று.

"அம்மாடி! திறந்துடுச்சு!" என்று குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அடியில் எங்கோ தண்ணீர் உறிஞ்சும் ஓசை கேட்டது. பாசி இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

"மூடு!" என்று கத்தினேன். கத்துவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஃபிட்டர் தலையை நீட்டினான். "என்னது?"

"வால்வை மூடு!"

"ரெண்டு நாளா உயிரைக் கொடுத்துத் திறந்திருக்கேன். மூடச் சொல்ல நீங்க யாருங்க?"

"இங்க இருந்த படுகைக் காவலரோட மகன்."

"எது, பெரியவரோட பையனா? ஆபீஸ்ல படம் இருக்கே, அவரா?" மரியாதை வந்துவிட்டது. ஆனால் கை வால்வுக்குப் போகவில்லை. "எதுக்குங்க மூடணும்?"

"தண்ணிக்குள்ள வண்டு இருக்கு."

"இருக்காதுங்களே" என்றான் அவன், எனக்கு ஆறுதல் சொல்வது போல. "பெரியவர் படுகைல ஒரு உயிரும் கிடையாதே. கண்ணாடிப் பெட்டில அப்படித்தானே எழுதி வெச்சிருக்கு. நாங்க வேலைல சேர்ந்த அன்னிக்கே அதைக் காட்டித்தான் பாடம் எடுத்தாங்க."

தண்ணீர் சுவரில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஈரமான கோடு தெரிந்தது.

"அது தப்பு" என்றேன். "அவர் எழுதினது தப்பு. வண்டு இங்கதான் இருந்தது. அவருக்கும் தெரியும். மூடுப்பா."

ஃபிட்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வால்வை மூடினான்.

அலுவலகத்தில் சூப்பர்வைசர் என்னை உட்காரச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்கும் அப்பாவின் படத்துக்கும் நேர் எதிரே இருந்த நாற்காலி அது. என் சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி.

"வண்டுக்காக எப்படி ஐயா வேலையை நிறுத்தறது? நாளைக்கு இன்ஜினியர் வந்து கேட்டா, பெரியவர் மகன் சொன்னார்னு சொல்லட்டுமா?"

"அருங்காட்சியகத்துல இருந்து வந்து சொல்லுவாங்க. போன் பண்ணணும்."

ஆய்வாளரின் நம்பர் எனக்கு நினைவிருந்தது. எண்களை மறப்பது என் தொழிலில் கிடையாது. அறையில் சூப்பர்வைசர், ஃபிட்டர், இரண்டு எழுத்தர்கள். அத்தனை பேர் காது கேட்க, "சீட்டில் இருக்கும் இடம் பொய். உண்மையான இடம் மூன்றாம் மணல் படுகை, தென்சுவர். இப்போது மூன்று வண்டுகள் பார்த்தேன்" என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. "அம்மா?" என்றேன்.

"ஐயா, அங்கேயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. தண்ணியையும் போகவிடாதீங்க" என்றார்.

சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அவங்க வர்றதுக்குள்ள இதுல எழுதிக் கொடுத்துடுங்க ஐயா. வேலையை எதுக்கு நிறுத்தினோம்னு எனக்கு ஒரு காகிதம் வேணும்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அப்ப இத்தனை வருஷமா நாங்க குடிச்சது வண்டுத் தண்ணியா?" என்றார்.

"மணல்ல இறங்கின தண்ணியைத்தான் குடிச்சீங்க. வண்டு மணலுக்கு மேல இருக்கு. குழாய் வரைபடத்தை வரைஞ்சவன் நான், எனக்குத் தெரியும்."

எழுதிக் கொடுத்தேன். நான்கு வரிகள். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். எழுதும்போது எதிரே இருந்த படத்தை நான் பார்க்கவில்லை.

ஆய்வாளர் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கூடவே என் தங்கையும் வந்தாள். போன் வந்ததும் வீட்டுக்குப் போய் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பெண்கள் எப்போது சிநேகமானார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆய்வாளர் கால்சட்டையோடு படுகைக்குள் இறங்கினார். வலையைச் சுவரோரமாக ஒரு முறை இழுத்து, வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். பாசிக் குழம்புக்குள் பதினேழு வண்டுகள் நடந்துகொண்டிருந்தன.

அவர் தட்டைப் பிடித்தபடி தண்ணீருக்குள்ளேயே நின்றார். "அழுக்குத் தண்ணியில இது ஒரு நாள்கூடத் தங்காது ஐயா" என்றார். "இது இருந்துச்சுன்னா உங்க அப்பா தண்ணியை நல்லா வெச்சிருந்தாருன்னு அர்த்தம். இதைச் சொல்லி அவர் பெருமைதான் பட்டிருக்கணும்."

அன்று வாசலில் கத்திய கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்திடம் வண்டைக் காட்டி விளக்கம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. காரணம் எதுவானாலும் சீட்டில் இருந்தது பொய். பொய்யில் நல்லது கெட்டது என்று பிரித்து அப்பா எங்களை வளர்க்கவில்லை.

மாதக் கடைசியில் பட்டியல் போனபோது அதில் அப்பாவின் பெயர் இல்லை. மூன்றாம் படுகையை மூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. இப்போதைக்கு என்று அதில் போட்டிருக்கிறது. உள்ளே வரும் குழாயைத் திறந்துவிட்டார்கள். ஃபிட்டர்தான் திறந்தானாம். "திற, மூடு, திற. நல்ல பொழைப்பு" என்று சொல்லிக்கொண்டே திறந்தானாம்.

பிறகு ஒரு நாள் ஆய்வாளர் எங்கள் இருவரையும் அருங்காட்சியகத்துக்கு அழைத்தார். நீளமான அறை, தரையிலிருந்து கூரை வரை மர இழுப்பறைகள், பூச்சி மருந்து வாசனை. ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். ஊசி, அட்டை, எள், சீட்டு. மை பழுப்பேறியிருந்தது. என் கையெழுத்து.

"அதை எடுத்துடுங்க" என்றேன். "சரியான சீட்டை நானே எழுதித் தரேன். பழசைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

"எடுக்கக் கூடாது ஐயா."

"தப்புன்னு நானே சொல்றேனே."

"தப்பா இருந்தாலும் எடுக்கக் கூடாது. ஊசியில ஏறின சீட்டை யாரும் இறக்க மாட்டோம். திருத்தம் இருந்தா இன்னொரு சீட்டு எழுதி, அதே ஊசியில அதுக்குக் கீழ குத்துவோம். ரெண்டும் இருக்கணும். இதான் எங்க வழக்கம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"வண்டு இருக்கற வரைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் பொய்யை ஊசியில் குத்தி வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டுவது ஒரு வழக்கமா என்று கேட்க வாயெடுத்தேன். தங்கை என் முழங்கையைத் தொட்டாள். "எழுது அண்ணா. அவங்க வீட்டு வழக்கம் அவங்களுக்கு" என்றாள்.

கால்விரல் நகம் அளவுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மெல்லிய பேனா. மூன்று வரிக்குத்தான் இடம். வயிற்றுப்போக்கைப் பற்றியோ, வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றியோ, ஓடைத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது என்பதைப் பற்றியோ எழுத அதில் இடமில்லை. அப்பாவுக்காகப் பேசக் கூடிய எதற்கும் இடமில்லை. முதல் வரியில் 'மூன்றாம் மணல் படுகை, தென்சுவர்' என்று எழுதினேன். இரண்டாவது வரியில் 'மேல் சீட்டில் இடம் தவறு'.

மூன்றாவது வரி பாக்கி இருந்தது. "பிடிச்சவர் பேரு அப்பாதானே? அது மேலேயே இருக்கு" என்றார் ஆய்வாளர்.

"பிடிச்சது அப்பா. முதல்ல பார்த்தது அவர் இல்லை" என்றேன். இடத்தைத் திருத்துகிறவன் பாதியில் நிறுத்தக் கூடாது. 'முதலில் கண்டவர்' என்று எழுதி, தங்கையின் பெயரைப் போட்டேன்.

ஆய்வாளர் இடுக்கியால் சீட்டைப் பிடித்து ஊசியில் ஏற்றினார். தங்கை லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன்.

"எழுத்து ஆடியிருக்கு" என்றாள்.

"எழுபத்தாறு வயசு. ஆடத்தான் செய்யும்."

"மேல இருக்கறதும் ஆடியிருக்கு. அப்ப உனக்குப் பதினாலுதான்."

லென்ஸை என்னிடம் கொடுத்தாள். நான் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சென்ற வாரம் குடிநீர் நிலையத்தின் சூப்பர்வைசர் போன் செய்தார். அப்பாவின் பதிவேடுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டார். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். உங்கள் மனம் சங்கடப்படுமென்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம் என்று மிகவும் தன்மையாகச் சொன்னார்.

"எடுக்காதீங்க. அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "அதுக்குக் கீழ வைக்க ஒரு சீட்டு எழுதித் தரேன்."

போனை வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். தங்கை கூடத்தைத் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பெரிசா எழுது" என்றாள். "அங்க லென்ஸ் கிடையாது."